விண்பதியத்தில் போன்சாய்: டர்பனில் தொடங்குகிறவர்களுக்கு

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பதைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மறந்துவிடுங்கள். இங்கே ஆடி என்றால் குளிர்காலம். மழை இருக்காது, மரங்கள் சோம்பிக் கிடக்கும். போன்சாய்க்காக, அதாவது தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரத்துக்காக, விண்பதியம் (கிளையை மரத்திலேயே வேர்விட வைப்பது) போட நான் வைத்திருக்கும் கணக்கு வேறு: புரட்டாசி விரதம் முடிந்ததும் கத்தி, தைப்பூசக் காவடி வரும்போது ரம்பம். அதாவது அக்டோபர் நடுவில் பதியம் போட்டு, ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ பிரித்தெடுப்பது. இடையில் மூன்று மாதமும் நல்ல வெயில், நல்ல மழை, சட்டை உலராத அளவுக்குக் காற்றில் ஈரம். நமக்குப் புழுக்கம், வேருக்குக் கொண்டாட்டம்.

தமிழ்நாட்டு ஊர்களில் மாதுளைக்கும் எலுமிச்சைக்கும் விண்பதியம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கிளை தாய்மரத்தில் இருக்கும்போதே ஓரிடத்தில் பட்டையை வளையமாக உரித்து, ஈரமான பாசியை வைத்துக் கட்டி, வேர் வந்தபின் வெட்டி எடுத்து நடுவது. டர்பனில் லிச்சி மரங்களையும் இப்படித்தான் பெருக்குகிறார்கள். டர்பனுக்குள் இருக்கும் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. நான் முதல்முறை அத்திக்கிளையில் பட்டையை உரித்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, “எங்க தாத்தா லிச்சிக்குச் சாணியும் களிமண்ணும் வெச்சு சாக்குல கட்டுவாரு தம்பி, நீ என்ன பொட்டலம் மடிக்கற?” என்றார். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த வித்தை இது. பிளாஸ்டிக் பிறகு வந்தது.

ஆனால் லிச்சிக்குப் போடுவதற்கும் போன்சாய்க்குப் போடுவதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பழமரத்துக்கு வேர் எந்தப் பக்கம் வந்தாலும் பரவாயில்லை, எல்லாம் மண்ணுக்குள் மறைந்துவிடும். போன்சாயில் வேர்தான் முதலில் கண்ணில் படும். மரத்தின் அடியிலிருந்து நாலா பக்கமும் பரவி மண்ணைப் பற்றியிருக்கும் அந்த வேர்விரிவை ஜப்பானியர்கள் ‘நெபாரி’ என்பார்கள். நீங்கள் உரிக்கும் வளையத்தின் மேல் விளிம்பிலிருந்துதான் அந்த வேர்கள் புறப்படும். ஆகவே அந்த விளிம்பு வெறும் வெட்டு அல்ல. நாளைக்கு உங்கள் மரம் நிற்கப்போகும் தரைமட்டம் அது. கத்தியை வைக்கும் முன் அதை மனதில் கோடாக வரைந்துகொள்ளுங்கள். மற்ற தவறுகளைப் பிறகு சரிக்கட்டலாம், இதைச் சரிக்கட்டுவது கடினம்.

எந்த மரம், எந்தக் கிளை

முதல் மரத்துக்கு நேட்டால் அத்தியை எடுங்கள். சுவர் வெடிப்பிலும் சாக்கடை ஓரத்திலும் வேறு மரத்தின் கவட்டிலும் தானாக முளைத்து நிற்கும் அதே அத்திதான். சிறிய இலை, காயத்தைத் தாங்கும் உடம்பு, ஆறிலிருந்து எட்டு வாரத்தில் வேர். இதில் கை பழகிய பிறகு காகிதப்பூ. பழைய வேலிகளில் மணிக்கட்டுப் பருமனுக்கு முறுக்கிக்கொண்டு நிற்கும் தண்டுகள் கிடைக்கும், ஆனால் அதன் வேர் கண்ணாடிபோல ஒடியும். இங்கே ‘பிரைட் ஆஃப் இந்தியா’ என்று சொல்லி விற்கும் பூமரமும் நன்றாக வரும். (இந்தியாவில் அந்தப் பெயரைச் சுமப்பது அதன் பெரிய இலைச் சகோதரி, பூமருது. கடையில் குழம்பாதீர்கள்.) வெள்ளை ஸ்டிங்க்வுட் இலையுதிர்ப்பது. புது இலை முற்றிக் கரும்பச்சையாகும்வரை பொறுத்திருந்து போட வேண்டும். புளி வரும், மெதுவாக வரும். காட்டு ஆலிவ் பொறுமைக்காரர்களுக்கு. சதைப்பற்றுச் செடியான ஸ்பெக்பூமுக்கு விண்பதியம் போடுவது வீண்வேலை. ஒடித்து, சில நாள் வெட்டுவாயைக் காயவிட்டு, ஊன்றினாலே வேர்விடும்.

தொடக்கூடாதவையும் உண்டு. வொயிட் மில்க்வுட், மருலா, யெல்லோவுட் போன்றவை 1998ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட மரங்கள். அனுமதி இல்லாமல் வெட்டவோ சேதப்படுத்தவோ கூடாது, பட்டையை உரிப்பதும் சேதம்தான். எதிர்ப்பக்கத்தில், அயல்நாட்டிலிருந்து வந்து காட்டைப் பிடித்துக்கொண்ட செடிகள் என்று அரசு பட்டியலிட்டவை இருக்கின்றன. அவற்றைப் பெருக்குவதே குற்றம். பிதங்கா செர்ரி போன்சாய்க்கு அருமையான மரம், நம் மாகாணமான குவாசுலு-நேட்டாலில் அது அந்தப் பட்டியலில் இருக்கிறது. வேப்பிலைக்குப் பதிலாக மாரியம்மனுக்கு நாம் வைக்கும் சிரிங்காவும் அப்படியே. சாலையோர மரம் நகராட்சியுடையது. அண்டை வீட்டு மரமென்றால் கேட்டுவிட்டுப் போடுங்கள், ஒரு டப்பா முறுக்கோடு போனால் யாரும் மறுப்பதில்லை.

கிளையைத் தேர்வதில் அவசரப்படாதீர்கள். நான் ஒரு மரத்தைச் சுற்றி இரண்டு மூன்று மாலை நடந்த பிறகுதான் முடிவு செய்வேன். நேராக அம்புபோல் போகும் கிளை வேண்டாம். ஒரு வளைவு, அந்த வளைவின் வெளிப்பக்கத்தில் ஒரு பக்கக்கிளை, மேலே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும் தண்டு, இதுதான் தேடவேண்டியது. போன்சாயில் அடிப்பருமனைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு உயரம் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 4 செ.மீ. தண்டு என்றால் 24 செ.மீ. மரம். அந்த உயரத்துக்குள் முதல் கிளை வந்துவிட வேண்டும் அல்லவா? அப்படியானால் உங்கள் வெட்டு முதல் கிளைக்குக் கீழே நாலைந்து விரல்கடைக்குள் இருக்க வேண்டும். புதியவர்கள் எல்லோரும் ஒரு முழம் கீழே தள்ளிப் போடுகிறார்கள், பிறகு கொக்குக்கால் மரம் கிடைக்கிறது. விதையிலிருந்து வளர்த்தால் பத்துப் பதினைந்து வருடம் காத்திருந்து பெறவேண்டிய பருமன் இங்கே ஒரே கோடையில் கைக்கு வருகிறது. அதைக் கொக்குக்காலில் வீணாக்குவானேன்.

தொடங்குகிறவர்களுக்குக் கட்டைவிரல் பருமன் போதும். மணிக்கட்டுப் பருமனும் அத்தியில் வரும், ஆனால் முதல்முறையே வேண்டாம்.

வாங்கி வைக்கவேண்டியவை

கூரான கத்தி. ஒடித்துப் போடும் பிளேடு கட்டர் நன்று, ஒவ்வொரு மரத்துக்கும் புது முனை. மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு வெட்டுங்கள். ஸ்பேக்னம் பாசி (ஈரத்தைப் பிடித்துவைக்கும் காய்ந்த பாசி) கொஞ்சம். விலை அதிகம்தான், ஆனாலும் தேங்காய்நார்க் கழிவைவிட இதில்தான் எனக்கு வேர் அழகாக வந்திருக்கிறது. நார்க்கழிவு மலிவு, அத்திக்குத் தாராளமாகப் போதும். வேர்விடும் பொடி இங்கே மூன்று எண்களில் விற்கிறது: இளந்தண்டுக்கு 1, நடுத்தரத்துக்கு 2, முற்றிய கட்டைக்கு 3. அத்திக்குப் பொடியே வேண்டாம், காகிதப்பூவுக்கும் புளிக்கும் 3 எடுங்கள். பிறகு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாள், கேபிள் டை அல்லது கம்பி, அலுமினியத் தாள், பழைய சாக்குத் துண்டு. சாக்கு எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

வெட்டு

பாசியை முந்தின இரவே ஊறவையுங்கள். காலையில் பிழிந்தால் நாலைந்து சொட்டு விழவேண்டும், அதற்குமேல் சொட்டினால் இன்னும் பிழியுங்கள். நசநசவென்ற பாசியில் பட்டை அழுகும்.

கிளையைச் சுற்றி ஒரு நூலைக் கட்டிக்கொள்ளுங்கள். அதுதான் மேல் விளிம்பு, நாளைய தரை. மரத்தைச் சாய்வாக நடப்போகிறீர்கள் என்றால் நூலையும் அதே சாய்வில் கட்டுங்கள். என் முதல் மரத்தில் நூல் கட்டாமல் கண்ணளவில் வெட்டினேன். சுற்றி வந்த கத்தி ஆரம்பித்த இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வந்து சேர்ந்தது. பெரிய விஷயமா என்று விட்டுவிட்டேன். இன்றைக்கும் அந்த அத்தி ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு நிற்பதுபோலத்தான் நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் இலையைப் புகழ்கிறார்கள், எனக்கு அந்தக் கால்தான் தெரிகிறது.

நூலை ஒட்டி, கட்டையைத் தொடும்வரை கத்தியை அழுத்தி ஒரு சுற்று. அதற்குக் கீழே இன்னொரு சுற்று. இரண்டுக்கும் இடைவெளி கிளையின் பருமனைப்போல் ஒன்றரை மடங்கு: 2 செ.மீ. கிளைக்கு 3 செ.மீ. இரண்டையும் சேர்த்து நெட்டாக ஒரு கீறல் போட்டு, கத்திமுனையால் நெம்பினால் பட்டை வாழைப்பட்டைபோல உரிந்து வரும். அப்படி வராமல் சில்லு சில்லாகப் பெயர்ந்தால் மரம் இன்னும் தூக்கத்தில் இருக்கிறது என்று பொருள். மூடிவிட்டு இரண்டு வாரம் கழித்து வேறு கிளையில் பாருங்கள்.

அத்தியில் பால் வழியும். கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கண்ணில் படவே கூடாது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நிற்கும்வரை ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

இப்போது முக்கால்வாசிப் பேர் தவறவிடும் வேலை. பட்டையை உரித்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று, இளநீர் வழுக்கையைத் தடவுவதுபோல இருக்கும். அந்த வழவழப்புதான் கேம்பியம், புதுப்பட்டையை உண்டாக்கும் படலம். இலையில் தயாராகும் சர்க்கரை பட்டை வழியாகக் கீழே இறங்குகிறது. தண்ணீர் உள்ளே இருக்கும் கட்டை வழியாக மேலே ஏறுகிறது. நாம் பட்டையை மட்டும் எடுப்பதால் மேலே தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், இலை வாடாது. கீழே இறங்க வந்த சர்க்கரையும் வளர்ச்சிச் சத்தும் வெட்டு விளிம்பில் தேங்கும். தேங்கிய இடத்தில் வேர் பிறக்கும். அந்தப் படலத்தில் ஒரு நூலளவு விட்டுவைத்தாலும் அது பாலம் கட்டிவிடும். பாலம் வந்தால் தேக்கம் இல்லை, தேக்கம் இல்லையேல் வேரில்லை. எனக்கு ஒரு காகிதப்பூ மூன்று மாதம் ஜம்மென்று பூத்துக்கொண்டே இருந்தது. பொட்டலத்தைப் பிரித்தால் உரித்த இடமே தெரியவில்லை, புதுப்பட்டை மூடிவிட்டிருந்தது.

ஆகவே கத்தியின் முதுகால் சுரண்டுங்கள். வழவழப்பு போய், கட்டை சொரசொரவென்று காய்ந்த நிறத்தில் தெரியும்வரை. கட்டைக்குள் வெட்டிவிடாதீர்கள், தண்ணீர் ஏறும் வழி அதுதான். சுரண்டி முடித்தபின் மேல் விளிம்பை மட்டும் புது பிளேடால் மெல்லியதாக ஒருமுறை சீவிச் சுத்தமாக்குங்கள். பிசிறான விளிம்பில் வேர் கொத்துக் கொத்தாக ஒரு பக்கமே வரும்.

பொடி போடுவதென்றால் ஈரமான தூரிகையால் மேல் விளிம்பில் மட்டும். கீழே பூசுவது காசுக்குக் கேடு.

கட்டு

பிளாஸ்டிக்கை முதலில் கீழ்வெட்டுக்கு இரண்டு விரல்கடை கீழே இறுக்கிக் கட்டி, புனல்போல் விரித்துக்கொள்ளுங்கள். பாசியை உள்ளே வைத்து, மேல் விளிம்புக்கு மேலேயும் மூன்று விரல்கடை வரும்படி அமுக்குங்கள். கட்டைவிரல் கிளைக்கு ஆரஞ்சுப்பழ அளவு உருண்டை, பருமனுக்குத் தேங்காய் அளவு. மெத்தைபோல் தொளதொளவென்று விடாமல், பந்துபோல் கெட்டியாக இருக்கட்டும். காற்றில் கிளை ஆடும்போது பாசி தனியாக ஆடினால் பிறந்த வேர் அறுந்துபோகும். மேலேயும் இறுக்கிக் கட்டுங்கள். இங்கே டிசம்பர் மழை பட்டையில் வழிந்து உள்ளே இறங்கினால் உங்கள் பொட்டலம் குட்டையாகிவிடும். பருமனான தண்டுக்குப் பழைய பிளாஸ்டிக் தொட்டியைப் பக்கவாட்டில் வெட்டி, தண்டைச் சுற்றி மாட்டிக் கம்பியால் தைத்துவிடலாம். அப்போது மேலே திறந்திருக்கும், வாரம் இருமுறை தண்ணீர் விடுங்கள்.

வெயிலில் பிளாஸ்டிக் உள்ளே கொதிக்கும் என்பதால் மேலே அலுமினியத் தாள் சுற்றச் சொல்வார்கள். சரிதான். ஆனால் சாட்ஸ்வொர்த், வெஸ்ட்வில் பக்கம் இருப்பவர்களுக்கு வெர்வெட் குரங்குகளைப் பற்றித் தெரிந்திருக்கும். பளபளவென்று மரத்தில் ஒரு பொட்டலம் தொங்கினால் அதற்கு என்ன தோன்றும்? எனக்கு ஒரே காலையில் நான்கு பதியம் போயின. ஒரு குட்டி, பாசியை முகர்ந்து பார்த்து, பிடிக்காமல், என்னைப் பார்த்துக்கொண்டே கீழே போட்டது. அன்றிலிருந்து அலுமினியத்தின்மேல் சாக்குத் துண்டைச் சுற்றிக் கம்பி போட்டுவிடுகிறேன். பட்டை நிறத்தில் இருப்பதால் அவை கண்டுகொள்வதில்லை.

ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் காற்று வறண்டது, கல்மழையும் உண்டு. அங்கே பொட்டலத்தைப் பெரிதாகக் கட்டுங்கள், பருவமும் இங்கேவிடக் குறுகியது. நவம்பருக்குமேல் தொடங்க வேண்டாம்.

காத்திருத்தல்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சாக்கை விலக்கிப் பார்த்தால் போதும். பாசி வெளுத்துக் காய்ந்தாற்போல் தெரிந்தால் ஊசிக்குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஏற்றுங்கள். எறும்பு குடியேறியிருந்தாலும் உள்ளே காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் வாரத்திலேயே இலை தொங்கினால் கத்தி கட்டைக்குள் போயிருக்கிறது, பெரும்பாலும் அந்தக் கிளை பிழைக்காது. இலை நன்றாக இருந்து, எட்டு வாரமாகியும் வேர் இல்லையென்றால் பிரித்துப் பாருங்கள். மேல் விளிம்பில் அரிசிப்பொரி ஒட்டியதுபோல வெள்ளை முண்டு தெரிந்தால் நல்ல செய்தி, காயம் ஆறுகிறது, வேர் அடுத்தது. அதை லேசாகக் கீறி, கொஞ்சம் பொடி தொட்டு மறுபடி கட்டுங்கள். பாலம் தெரிந்தால் மறுபடி சுரண்டுங்கள்.

வெள்ளை வேர் பிளாஸ்டிக்கில் தெரிந்ததும் கை பரபரக்கும். அடக்குங்கள். வெள்ளை வேர் குழந்தை வேர், தொட்டால் ஒடியும். அது பழுப்பேறி, அதிலிருந்து மெல்லிய கிளைவேர்கள் பிரிந்து, பாசி உருண்டையைச் சுற்றி வலைபோல் ஓடும்வரை பொறுங்கள். ஒரு பக்கம் மட்டும் வேர் வந்திருந்தால், அந்தப் பக்கத்து வேர்களை முனைகிள்ளி, வராத பக்கத்தில் விளிம்பைப் புதிதாகச் சீவி இன்னும் ஒரு மாதம் கட்டிவைக்கலாம். அதற்குள் ஈஸ்டர் வந்துவிட்டால் விட்டுவிடுங்கள். டர்பன் குளிர் அத்தியைக் கொல்லாது, பதியம் அப்படியே மரத்தில் இருந்து செப்டம்பரில் தொடரட்டும்.

பிரித்து நடுவது

மேகமூட்டமான நாளாகப் பாருங்கள். முந்தின நாள் தாய்மரத்துக்கு நன்றாகத் தண்ணீர். பொட்டலத்துக்குக் கீழே, பிளாஸ்டிக்கை அவிழ்க்காமலே, சிறு ரம்பத்தால் அறுங்கள். கிளையை இன்னொருவர் பிடித்துக்கொள்வது நல்லது. கடைசி இழை அறும்போது சடாரென்று சாய்ந்து உருண்டை தரையில் மோதினால் மூன்று மாதமும் போச்சு.

பிளாஸ்டிக்கை மட்டும் எடுங்கள். பாசியை உதறாதீர்கள், வேரும் பாசியும் இப்போது ஒன்று. கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையை வேருக்கு மிக அருகில், தட்டையாக அறுத்துவிடுங்கள். தரையில் பதிக்கும் ஓடு ஒன்றைத் தொட்டியில் மண்ணுக்குள் வைத்து, அதன்மேல் உருண்டையை உட்காரவையுங்கள். வேர்கள் கீழே இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் பரவும், நெபாரி அங்கிருந்துதான் உருவாகிறது. தொட்டி மண்ணுக்குச் செங்கல் சில்லு, பைன் பட்டைத்துண்டு, கரடான ஆற்றுமணல், எல்லாம் 3 முதல் 6 மி.மீ. அளவில் சலித்துச் சமபங்கு. வீட்டு வாசலில் கிடைக்கும் பெரேயா (டர்பனின் மேட்டுப் பகுதி) செம்மணல் வேண்டாம். தரையில் மரம் வளர்க்க நல்ல மண், தொட்டியில் சிமெண்ட்போல் இறுகிவிடும்.

மரத்தைக் கம்பியால் தொட்டியோடு கட்டிவிடுங்கள், அசையவே கூடாது. பெரிய இலைகளைப் பாதியாகக் கத்தரியுங்கள், நுனிக்குருத்தைத் தொடாதீர்கள். மூன்று நான்கு வாரம் நிழல், காலை மாலை இலைமேல் தெளிப்பு. ஹடேடா பறவைகள் ஈரமண்ணில் அலகை விட்டுக் குடைந்து வேரைக் கிளறும், மேலே வலை போட்டுவையுங்கள். புதுத்துளிர் நீளும்வரை உரமில்லை.

போன்சாய்த் தட்டில் வைக்கும் ஆசையை அடுத்த செப்டம்பருக்கும் தாண்டித் தள்ளிப்போடுங்கள். அந்தச் செப்டம்பரில் வெளியே எடுத்து, மூங்கில் குச்சியால் பழைய பாசியைச் சிறிது சிறிதாக நீக்கி, கீழ்நோக்கிப் போகும் வேர்களை வெட்டி, மற்றவற்றை ஆரக்கால்போல விரித்து மறுபடி சாதாரணத் தொட்டியிலேயே நடுங்கள். இன்னும் ஒரு வருடம் கழித்துத் தட்டு.

தாய்மரத்தில் மிஞ்சிய குச்சியை உடனே அறுத்துத் தள்ளாதீர்கள். வெட்டுக்குக் கீழே சில வாரங்களில் மொட்டுகள் வெடித்து, அடுத்த கோடைக்குள் இரண்டு மூன்று புதுக்கிளைகள் வந்துவிடும். அவற்றில் வளைவுள்ளதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிட்டால் அடுத்த புரட்டாசிக்கு வேறு மரம் தேடவேண்டியதில்லை. பக்கத்து வீட்டு ஆயா அப்படி வந்த ஒன்றைத் தன் பெயரில் முன்பதிவு செய்துவைத்திருக்கிறார். சாணி வைத்துத்தான் கட்டவேண்டும் என்பது நிபந்தனை.